சொன்னதைச் செய்பவரின் அறம்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுப்பவர்கள் தமிழ்நாட்டில் அதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். எத்தனை கரண்ட் முடிந்தது, இன்னும் எத்தனை பாக்கி என்பதுதான் காத்திருக்கும் இடத்துப் பேச்சு. யார் வைக்கிறார்கள் என்று கேட்டால் பெரிய டாக்டரின் பெயரைச் சொல்வார்கள். பெரிய டாக்டர் செய்வது அளவை எழுதிக் கையெழுத்திடுவது. அந்த அளவை எந்தெந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம் கொடுப்பது என்று கணக்குப் போடுபவர் மருத்துவ இயற்பியலாளர். நோயாளியை மேசையில் கிடத்தி, தலை அசையாமலிருக்க அவர் முகத்துக்கென்றே வார்த்த வலை மாஸ்க்கைப் பூட்டி, சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் அதன்மேல் போட்ட குறிகளில் சரியாக விழுகின்றனவா என்று பார்த்து, உடன் வந்தவரை வெளியே அனுப்பி, கனத்த கதவைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்துபவர் மூன்றாமவர். கதிர்வீச்சுச் சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் படிப்பவர்கள் இந்த மூன்றாமவராகத்தான் படிக்கிறார்கள். ஒருவர் எழுதியதை, இன்னொருவர் கணக்கிட்டதை, இவர் தன் கையால் நிறைவேற்றுகிறார். அந்தச் செயல் இவருடையதா? எழுதியதோ கணக்கோ தவறாக இருந்து, அதை இவர் அப்படியே செய்துவிட்டால், விளைந்த தீங்கில் இவருக்குப் பங்கு உண்டா? இந்தப் படிப்பைப் பற்றிய பேச்சு சம்பளம், சீட், வெளிநாட்டு வேலை என்றே போய்விடுவதால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே கண்ணில் படுவதில்லை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடைசிக் கைக்கு அறியாமை மன்னிப்பாகாது. அதனால் இங்கே படிப்பு வேலைக்கான தகுதியாவதற்கு முன்பே அறத்தின் பகுதியாகிவிடுகிறது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் 950ஆம் குறளோடு முடிகிறது. மருத்துவம் அங்கே நான்கு கூறாக வகுக்கப்படுகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் நின்று அந்த மருந்தைச் செலுத்துபவர். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. செலுத்துபவரை மருத்துவரின் கையாள் என்று ஒதுக்காமல் தனிக் கூறாகவே வள்ளுவர் வைத்திருக்கிறார். உரையாசிரியர் பரிமேலழகர் ஒவ்வொரு கூறுக்கும் நான்கு இயல்புகளை அடுக்கும்போது, இவருக்கு வேண்டியவையாகச் சொல்பவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரண நாட்களில் அவை ஒன்றுக்கொன்று துணை. சொன்னது தவறாக இருக்கும் நாளில், சொன்னபடி செய்யும் வன்மை ஒரு பக்கமும் அறிவு இன்னொரு பக்கமும் இழுக்கும். எது வெல்ல வேண்டும் என்று உரை சொல்லவில்லை. கீழ்ப்படிவது மட்டும் போதும் என்றால் நான்காவது இயல்பைச் சேர்க்கவேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

மருந்து கதிர்வீச்சாக இருக்கும்போது இந்த இழுபறி எவ்வளவு கூர்மையாகிறது என்பது அளவுகளைப் பார்த்தால் விளங்கும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பிறகு நெடுங்காலம் வழக்கத்திலிருந்த அளவு 50 கிரே (கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 2 கிரே, திங்கள் முதல் வெள்ளி வரை, 5 வாரத்தில் 25 தடவை. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே அளவுக்குப் பட்டு, உரிய சிகிச்சையும் கிடைக்காவிட்டால் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைக்கமாட்டார்கள். கொல்லக்கூடிய ஒன்றைச் சின்ன இடத்தில் குவித்து, சின்னச் சின்னப் பங்காகப் பிரித்துக் கொடுப்பதால்தான் அது மருந்தாகிறது. ஒவ்வொரு பங்குக்கும் இடையிலான நேரத்தில் நல்ல செல்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. புற்று செல்கள் அதை அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை. 1920களில் பாரிஸில் ரெகோவும் கூத்தாரும் இந்தப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு வழி திறந்தார்கள். ஆக, இந்தத் தொழிலில் அன்றாட வேலை என்பதே அளந்து காயப்படுத்துவதுதான். கொல்லாமையை உயர்ந்த அறமாகக் கொண்ட மரபுகள்கூட, நோயாளி சம்மதித்து அவர் நன்மைக்காகச் செய்யப்படும் இத்தகைய காயத்தைத் தீவினை என்று சொன்னதில்லை. அறுவை மருத்துவரை வைத்து அந்த விவகாரம் எப்போதோ முடிந்துவிட்டது. முடியாதது வேறொன்று. அளவு தவறிய காயத்தையும் நல்லெண்ணம் மன்னித்துவிடுமா?

மன்னிக்கும் என்று சொல்லப் பழைய சான்று ஒன்று உண்டு. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில், நாலந்தாவில், ஜைனர்களுக்கும் புத்தருக்கும் இடையே இந்த வழக்கு நடக்கிறது. உடலால் செய்வதே கனத்த வினை என்பது ஜைனர் கட்சி. மனத்தின் நோக்கமே கனத்தது என்பது புத்தர் கட்சி. தமிழில் நீலகேசி இதே சண்டையை இன்னொரு முனையில் தொடர்கிறது. கொன்றவன் வேறு, உண்பவன் வேறு என்று புலால் உண்ணும் பௌத்தர் தப்பித்துக்கொள்வதை அந்த ஜைன நூல் விடாமல் மடக்குகிறது. செயலைப் பல கைகளில் பிரித்துவிட்டால் வினையும் கரைந்துவிடுமா என்பதுதான் அதன் கேள்வி. நோக்கம்தான் எல்லாம் என்றால், நோயாளியிடம் அன்பு வைத்துப் பொத்தானை அழுத்தியவர் எந்த நிலையிலும் குற்றமற்றவர். ஆனால் பௌத்தமே அங்கே நின்றுவிடவில்லை. மிலிந்த பஞ்ஹாவில், தெரிந்து தீமை செய்பவன், தெரியாமல் செய்பவன் இருவரில் யாருக்குத் தீவினை அதிகம் என்று மன்னன் மிலிந்தன் கேட்கிறான். தெரியாமல் செய்பவனுக்கே என்கிறார் துறவி நாகசேனர். பழுக்கக் காய்ந்த இரும்பை அறியாமல் பிடிப்பவன்தான் அதிகம் சுட்டுக்கொள்வான் என்பது அவர் காரணம். எல்லாக் குற்றத்துக்கும் இதை நீட்டினால் அபத்தம். திட்டமிட்டுக் கொன்றவனைவிடத் தவறிக் கொன்றவன் கொடியவன் என்று ஆகிவிடும். ஆனால் இரும்பைக் கையாள்வதையே தொழிலாக ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு அது அப்படியே பொருந்தும். சூடு எது என்று தெரிந்துகொள்ளும் கடமை, கையை நீட்டும் கணத்துக்கு வெகு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

கதிர்வீச்சில் இந்தக் கடமை மற்ற மருத்துவத் தொழில்களைவிட அதிகம் என்பதற்கு அதன் இயல்பே காரணம். வழக்கமான அளவில் அது படும்போது நோயாளிக்கு வலி இல்லை, சூடு தெரியாது, கண்ணுக்கும் ஒன்றும் புலப்படாது. ஊசி தவறினால் பல சமயம் அடுத்த சில நிமிடங்களிலேயே உடல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே தோலில் தெரிய வாரங்களாகலாம், குடலிலும் தண்டுவடத்திலும் தெரிய மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். அருகில் நிற்பவரின் கரிசனத்துக்குப் பிடிமானம் எதுவும் கிடைப்பதில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று நிறுத்த முடியாது. திரையில் வரும் எண்ணைப் பார்த்து, இது இவ்வளவு இருக்கக்கூடாதே என்று திடுக்கிட வேண்டும். அந்தத் திடுக்கிடல் அன்பிலிருந்து வராது. இயற்பியலும் கதிர் உயிரியலும் உடற்கூறும் படித்த தலைக்குத்தான் வரும்.

1986 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டைலர் நகரத்துப் புற்றுநோய் மையம் ஒன்றில் நடந்ததை நிதானமாகப் பார்க்கவேண்டும். இயந்திரத்தின் பெயர் தெராக்-25. கனடாவின் பொதுத்துறை நிறுவனமான ஏஇசிஎல் தயாரித்தது. எலெக்ட்ரான், எக்ஸ் கதிர் இரண்டையும் தரக்கூடியது. எக்ஸ் கதிருக்கு மிக வலுவான கற்றை வேண்டும். அதன் குறுக்கே ஒரு உலோகத் தடுப்பு வந்து நின்று அதை வாங்கிக்கொள்ளும். முதுகில் கட்டி எடுக்கப்பட்ட ஒருவருக்கு அன்று தரவேண்டியது 180 ராட் (பழைய அலகு; 100 ராட் ஒரு கிரே), எலெக்ட்ரானில். கணினியை இயக்கிய பெண் பழக்கத்தில் எக்ஸ் கதிருக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, அம்புக்குறியை மேலே ஏற்றி, எலெக்ட்ரானுக்கான எழுத்தாக மாற்றி, மளமளவென்று மற்ற வரிகளைக் கடந்து கற்றையைத் திறந்தார். இயந்திரத்தின் காந்தங்கள் நிலைகொள்ள 8 நொடி பிடிக்கும். அந்த 8 நொடிக்குள் செய்த திருத்தத்தை மென்பொருளின் ஒரு பகுதி கவனிக்கவே இல்லை. தடுப்பு விலகியிருக்க, எக்ஸ் கதிருக்கான வலுவோடு கற்றை நேராகப் பாய்ந்தது. திரையில் வந்த செய்தி 'மால்ஃபங்ஷன் 54'. அதற்கு இருந்த விளக்கம் 'டோஸ் இன்புட் 2', அவ்வளவுதான். தந்த அளவு மிகக் குறைவு என்றும் திரை காட்டியது. இப்படிக் காரணம் புரியாத செய்திகள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வரும். 'பி' விசையை அழுத்தினால் தொடரும். அவர் 'பி'யை அழுத்தினார். அறைக்குள் நடப்பதைக் காட்டும் கேமராத் திரையின் இணைப்பு அன்று இல்லை, ஒலிபெருக்கியும் பழுது. முதல் அடியில் துடித்து எழ முயன்ற மனிதர்மேல் இரண்டாவது அடி விழுந்தது. பிறகு கணக்கிட்டதில் அவர்மேல் பட்டது 16,500 முதல் 25,000 ராட் வரை. ஐந்து மாதத்தில் இறந்துபோனார். பொறியாளர்கள் வந்து பார்த்து, மிகை அளவு சாத்தியமே இல்லை என்று சொல்ல, ஏப்ரல் 7 அன்று இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஏப்ரல் 11, அதே இயந்திரம், அதே பெண், அதே திருத்தம், அதே எண் 54. இம்முறை ஒலிபெருக்கி வேலை செய்தது. சத்தம் கேட்டதும் அவர் உள்ளே ஓடினார். அந்த நோயாளியும் மே 1 அன்று இறந்தார்.

இதை அந்தப் பெண்ணின் தவறு என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தெராக்-20 என்ற முந்தைய மாதிரியில் தனியான மின்சுற்றும் பூட்டும் இருந்தன. அதே மென்பொருள் பிழை அங்கே ஃபியூஸைத்தான் எரித்தது. புதிய மாதிரியில் அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரி வரை ஆறு விபத்துகள், குறைந்தது மூன்று சாவுகள். ஆனால் இந்தக் கதையின் அடுத்த பகுதியைப் பெரும்பாலோர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிழையைக் கண்டுபிடித்தது தயாரித்த நிறுவனம் அல்ல. இரண்டாவது விபத்துக்குப் பிறகு அந்தப் பெண், தான் எந்த வரிசையில் எந்த விசைகளைத் தட்டினோம் என்பதை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல, மருத்துவமனையின் இயற்பியலாளரும் அவரும் சேர்ந்து முயன்று முயன்று 54ஐ மறுபடி வரவழைத்தார்கள். நிறுவனத்தின் பொறியாளருக்கு அது வரவில்லை. வேகமாகத் தட்டினால்தான் வரும் என்று சொல்லிக்கொடுத்த பிறகே வந்தது. காரணம் தெரியாதபோது 'பி'யை அழுத்திய கை, காரணத்தைத் தேடத் துணிந்தபோது மென்பொருள் எழுதியவர்கள் பார்க்காததைப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றது கேட்கும் உரிமையும் கேட்கத் தேவையான அறிவும்தான்.

கோஸ்டாரிகாவின் சான் ஹோசே நகரில் 1996இல் நடந்ததில் இவ்வளவு சிக்கல்கூட இல்லை. கோபால்ட் இயந்திரத்தில் புது மூலத்தை வைத்து அதன் வீதத்தை அளந்தபோது, 0.3 நிமிடத்தை 30 நொடி என்று எடுத்துக்கொண்டார்கள். 0.3 நிமிடம் என்பது 18 நொடி. அந்த ஒரே பிசகில் எல்லா நோயாளிகளுக்கும் 50, 60 சதவீதம் அதிகமாகப் போனது. 115 பேர் பாதிக்கப்பட்டார்கள். கோபால்ட்-60இன் அரையாயுள் சுமார் 5.3 ஆண்டு. பழைய மூலம் எவ்வளவு தேய்ந்திருந்தது, புதியது வந்தால் நேரம் எவ்வளவு குறைய வேண்டும் என்பது பட்ட வகுப்பு மாணவர் விரல்விட்டுப் போடக்கூடிய கணக்கு. அந்த நேரங்களைத் தினமும் இயந்திரத்தில் ஏற்றுவது கணக்குப் போட்டவரின் கை அல்ல.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் இந்தக் கடைசிக் கை வருகிறது. பொற்கொல்லன் பொய் சொன்னான், பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டான். ஆனால் ஆணையோடு வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை எடுத்துச்சொல்லி அந்தத் தயக்கத்தை ஏளனம் செய்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவனுக்குப் பெயர்கூடக் கொடுக்காத இளங்கோ, இரண்டே விஷயங்களைச் சொல்கிறார்: அவன் கல்லாதவன், குடித்திருந்தவன். அரசனின் பிழைக்கு அரசன் உயிர்விட்டான், அது நியாயம். ஆனாலும் அந்த இடத்தில் கல்லாமையைக் குடியோடு சேர்த்துச் சொன்னதைப் படிக்கும்போது, கவி அதை ஒரு தற்செயலான குறையாக நினைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தயங்கத் தெரிந்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். தயக்கத்தை நிறுத்தமாக மாற்றும் அதிகாரம் அவர்கள் யாருக்கும் இல்லை.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, பாதுகாப்பு இயலைப் படித்தவர்களுடையது. விபத்துகள் அமைப்பின் விளைவு. தனிமனிதரின் அறம், பொறுப்பு என்று பேசினால் நிறுவனங்கள் கடைநிலை ஊழியரைப் பலிகொடுத்துத் தப்பித்துக்கொள்ளும் என்பார்கள். கீதையின் 18ஆம் அத்தியாயமும் இவர்கள் பக்கம் நிற்பதுபோல் இருக்கும். எந்தச் செயலுக்கும் இடம், செய்பவன், கருவி, முயற்சி, தெய்வம் என ஐந்து காரணங்கள். தான் ஒருவனே செய்பவன் என்று நினைப்பவன் சரியாகப் பார்க்காதவன் என்கிறது அது. பழியைப் பொறுத்தவரை இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். டைலரில் பழி ஏஇசிஎல்லுக்குத்தான். ஆனால் பழி நடந்து முடிந்ததைப் பற்றியது. நான் பேசும் பொறுப்பு இனி அழுத்தப்போகும் பொத்தானைப் பற்றியது. ஐந்து காரணங்களில் செய்பவனும் ஒன்று என்று கீதை எண்ணுகிறதே தவிர, ஐந்தைச் சொல்லிவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. எவ்வளவு நல்ல பூட்டுகளைப் போட்டாலும், திரையில் வரும் செய்தியைப் படிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் படித்தது புரிய வேண்டும். ஒன்றை மட்டும் இந்த மறுப்பிடமிருந்து எடுத்துக்கொள்வேன்: நிறுத்தும் அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் சுமத்துவது அநியாயம்.

அடுத்த மறுப்பு நம் ஊரில் அதிகம் கேட்பது. பட்டம் எதற்கு, இருபது வருடம் கோபால்ட் இயந்திரத்தில் நின்றவருக்குத் தெரியாததா இந்தப் பையனுக்குத் தெரிந்துவிடப்போகிறது? நோயாளியைக் கிடத்தும் நயத்தில், பயந்தவரைப் பேசிச் சரிசெய்வதில், அனுபவசாலியை எந்தப் பட்டமும் எட்டிப்பிடிக்காது. ஆனால் அனுபவம் கற்றுத்தருவது வழக்கமாக நடப்பதை. விபத்தோ, வழக்கத்தில் இல்லாதது. டைலரில் அந்தப் பெண்ணின் விரல்களுக்கு அந்த வேகத்தைக் கொடுத்ததே அனுபவம்தான். புதிதாக வந்தவர் 8 நொடிக்குள் திருத்தியிருக்கமாட்டார். 54 என்ற எண்ணைப் பொருட்படுத்தாமல் தாண்டிப்போகப் பழக்கியதும் அனுபவமே. இது ஏன் இப்படி என்று கேட்கும் பழக்கம் வேறொரு இடத்திலிருந்து வரவேண்டும். பட்டம் பெற்ற எல்லோருக்கும் அது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கதிர்வீச்சைத் தரும் லீனாக் (நேரியல் முடுக்கி) இயந்திரத்தைப் படத்தில் மட்டும் காட்டிச் சான்றிதழ் கொடுத்தால் அதுவும் கல்லாமையே, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய கல்லாமை. 2021இல் வந்த துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், சுகாதாரத் தொழில்முறையாளர் எனப்படுவதற்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது. நல்லதுதான். மணியைச் சட்டம் எண்ணும். அந்த மணிகளில் என்ன நடந்தது என்பதை ஆசிரியரும் மாணவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய டாக்டர் எழுதியதை ஆளுக்கு ஆள் சந்தேகப்பட ஆரம்பித்தால் வரிசையில் இருக்கும் அறுபது பேருக்கு எப்போது சிகிச்சை கொடுப்பது என்று மருத்துவமனைகள் கேட்கும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் சந்தேகிப்பது அறிவில்லாதவரின் வேலை. இடதா வலதா, நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் ஏன் வித்தியாசம், தண்டுவடத்துக்குப் போகும் அளவு எல்லையைத் தாண்டுகிறதா என்று எந்தச் சந்தேகத்துக்காக நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர் அதிகம் நிறுத்தமாட்டார். நிறுத்தினாலும் போவது சில நிமிடங்கள். ஒரு நாள் விட்டுப்போன பங்கை ஈடுகட்ட மருத்துவருக்கு வழிகள் உண்டு. கூடுதலாகப் போன கதிரைத் திரும்ப எடுக்க யாருக்கும் வழி இல்லை. சொன்னபடி செய்யும் வன்மையும் அறிவும் மோதும்போது எது வெல்லவேண்டும் என்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வே விடை சொல்லிவிடுகிறது.

நீட்டில் மதிப்பெண் குறைந்து, எம்பிபிஎஸ் கிடைக்காமல், கலந்தாய்வில் மிச்சமிருக்கும் படிப்பு என்று இதில் சேர்பவர்கள் நிறைய. அப்படிச் சேர்வதில் தவறில்லை. எந்த வாசல் வழியாக வந்தாலும் நிற்கப்போகும் இடம் ஒன்றுதான். சேர்வதற்கு முன் கல்லூரியில் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஓடும் லீனாக் இருக்கிறதா, மாணவர் அதன் பக்கத்தில் எத்தனை மாதம் நிற்பார்? கதிர் உயிரியலை யார் நடத்துகிறார்? நடந்த விபத்துகளைப் பாடமாக வைத்திருக்கிறார்களா? பயிற்சிக்கு அனுப்பும் மருத்துவமனையில், தொழில்நுட்பர் தன் சந்தேகத்தின் பேரில் சிகிச்சையை நிறுத்தலாம் என்று எழுத்தில் விதி இருக்கிறதா? நேரான பதில் வராத கல்லூரியில் பணம் கட்டாதீர்கள்.